இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

கடவுளை ஏமாற்றுவதற்கு அதிகம் ஒன்றும் தேவைப்படாது. கோடு போடாத ஒரு தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு பேனா, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. நெஞ்சு இடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் செய்தேன். இருபத்தெட்டு வயதில், நன்றாகத் தெரிந்தே செய்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பாதி வெட்கம், பாதி சந்தோஷம். எது கொஞ்சம் கூடுதல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதையும் மனிதர்கள் முடிவு செய்ததில்லை. சீட்டுதான் முடிவு செய்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். பால் வெட்டுவதும், அதை உறையவைத்து ஷீட் அடிப்பதும் அவரே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தியைத் தொடமாட்டார். சபைக் கமிட்டியில் இருக்கிறவர், பொய் பேசாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவர் சட்டையை மடித்து வைப்பதுபோல அத்தனை கவனமாக வைத்திருந்தார்.

சீட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒரே அளவில் இரண்டு துண்டுத் தாள். ஒன்றில் ‘சித்தம்’, மற்றதில் ‘சித்தமில்லை’. இரண்டையும் நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். அப்பா மதியம்வரை பட்டினி இருப்பார். பிறகு நாங்கள் மூன்று பேரும் முழங்கால் போடுவோம். அவர் ஜெபித்து, கண்ணைத் திறக்காமலேயே ஒரு சீட்டை எடுப்பார். வந்தது வந்ததுதான். வராத சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் கர்த்தர்மேல் சந்தேகம் என்று ஆகிவிடும். அதை அம்மா கையில் கொடுப்பார். அம்மா கொண்டுபோய் அடுப்பில் போடுவாள்.

நான் லேப் டெக்னீஷியன் படித்தது சீட்டில் வந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்ய எந்த ஆஸ்பத்திரி என்பதும் சீட்டில் வந்தது. கிணறு வெட்ட வடக்கு மூலைக்குச் ‘சித்தம்’ விழுந்தது. வடக்கில் தோண்டினால் பாறை. வெடி வைத்துப் பிளந்து பிளந்து அப்பாவுக்கு முதுகு போயிற்று. பாறையைத் திட்டினாரே தவிர சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருமுறை நான் கிறிஸ்துமஸுக்குச் சேலையா சுடிதாரா என்று சீட்டுப் போடச் சொன்னேன். “கர்த்தருக்கு வேற சோலி இல்லியா?” என்று கத்தினார். சின்னக் காரியத்துக்குக் கர்த்தரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் முறைதான்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் நம்பினேன். சீட்டைப் பிரிக்கும்போது அப்பாவின் விரல் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நம்பாமல் இருக்க முடியாது. சண்டே ஸ்கூலில் வசன அட்டைகள் எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து அழகாகிவிட்டதால், பன்னிரண்டு வயதிலிருந்து சீட்டு எழுதுகிற வேலை என்னுடையது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குழித்துறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். அங்கே ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் ஒன்று அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதைச் சரிபார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒருவன் வருவான். கடற்கரை ஊர்க்காரன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவன் பேசுகிற வேகத்துக்கு முதல் நாள் எனக்குப் பாதி புரியவில்லை. இரண்டாம் நாள் முழுவதும் புரிந்தது. மூன்றாம் முறை அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டபோது, மெஷின் கெட்டுப்போனதற்காக நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை கெட்டது பிறகு வாரம் ஒருமுறை கெடத் தொடங்கியது. நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. நோயாளிகளுக்கும் ஒரு குறையும் வரவில்லை. பக்கத்தில் இன்னொரு மெஷின் இருந்தது.

ஒருநாள் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டு நின்றபோது கேட்டேன். “உங்க அப்பா கடலுக்குப் போறதுக்கு முன்ன தேவ சித்தம் எப்பிடிப் பாப்பாரு?”

“சித்தமா?” என்று சிரித்தான். “சிலுவை போடுவாரு. காத்தப் பாப்பாரு. பக்கத்து வள்ளக்காரன்ட்ட ஒரு வார்த்த கேப்பாரு. பின்ன எறக்கிருவாரு. போய்ட்டு வந்தாத்தான சித்தம் தெரியும்?”

இப்படியும் ஒருத்தர் விசுவாசியாக இருக்கலாமா? எங்கள் வீட்டில் சித்தம் தெரிந்த பிறகுதான் கால் எடுத்து வைப்போம். இவர்கள் காலை எடுத்து வைத்துவிட்டல்லவா பார்க்கிறார்கள்! அன்று பஸ்ஸில் வீடு போகும்வரை எனக்குச் சிரிப்பாக வந்தது. காரணமே இல்லாமல் வந்த சிரிப்பு.

அடுத்த வாரம் அதே இடத்தில் அவன் நேராகவே கேட்டான். “என்னக் கெட்டுதியா?”

“ஓ” என்றேன். எங்கள் பக்கத்தில் சரி என்பதற்கு அதுதான் சொல். இத்தனை சின்னச் சொல்லில் இவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு வினாடி யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் சாயாக் கிளாஸைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

அப்பாவிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த ஷீட்டைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, பிறகுதான் திரும்பினார்.

“ஆர்சியா?”

“ஆமாப்பா. கத்தோலிக்க வீடு. கடல்கரை.”

அவ்வளவுதான் கேட்டார். நல்லவனா, என்ன சம்பளம், எப்படித் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்குச் சீட்டுப் போடுவோம். எழுதி வையி” என்றார். கைகழுவப் போய்விட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் பெண்ணை வேறு சபைக்குக் கொடுப்பதே பெரிய பேச்சு. அதிலும் கமிட்டிக்காரர் வீட்டுப் பெண், மாதா கோயில் இருக்கிற ஊருக்கு.

சனிக்கிழமை காலையில் அறைக்குள் உட்கார்ந்து தாளை வெட்டினேன். முதல் சீட்டில் ‘சித்தம்’ என்று எழுதினேன். அழகாக வந்தது. இரண்டாவது தாளில் ‘சித்’ வரை எழுதியதும் கை நின்றது. ‘தமில்லை’ என்ற நாலைந்து எழுத்து பாக்கி. அந்த எழுத்துகளை எழுதினால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அவன் இல்லாமல் போவான். பாதிக்குப் பாதி! ஒரு ரத்தப் பரிசோதனையைக்கூட நான் அப்படி விடமாட்டேன். வெளியே அப்பா பட்டினியோடு நடந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ‘தம்’ என்று எழுதி முடித்தேன். இரண்டையும் நாலாக மடித்தேன். கை வியர்த்து ஒரு சீட்டு லேசாக நனைந்தே போயிற்று.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தைவிடப் பெரிதாக ஒரு குதிப்பு உள்ளே இருந்தது. தேர்வுக்கு முன்பே கேள்வித்தாளைப் பார்த்துவிட்டவளின் குதிப்பு.

மதியம் முழங்கால் போட்டோம். அப்பா ஜெபிக்கத் தொடங்கினார். வழக்கமாக அவருடைய ஜெபம் கணீரென்று இருக்கும். அன்று குரல் உடைந்தது. “ஆண்டவரே, எனக்கு இதில இஷ்டம் இல்ல. உமக்கு இஷ்டம்னா அதத் தாங்க எனக்குப் பெலன் தாரும்” என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் புத்தகத்துக்குள் விரலை விட்டு, இரண்டு சீட்டையும் தொட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். என்னவோ அதில் வித்தியாசம் இருப்பதுபோல! பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்தம்” என்றார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். மற்ற சீட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க ஆளில்லை. திங்கட்கிழமையே ஒரு குலை மட்டிப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவர்கள் ஊருக்குப் போனார். சாயந்திரம் ஒரு பை நிறைய மீனோடு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். “நல்ல மனுசன்” என்றார், அவனுடைய அப்பாவைப் பற்றி. “சாப்பாட்டுக்கு முன்ன சிலுவை போடுதாரு. ஆனா நல்ல மனுசன்.” அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். அவனுடைய அப்பா எங்கள் தோட்டத்தில் நின்று, பால் சொட்டுவதை வாய் பிளந்து பார்த்தார். “ஒரு அலை இல்ல, ஒரு காத்து இல்ல. சும்மா நின்னா வருதே!” என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நிச்சயம் எங்கள் பக்கம், கல்யாணம் அவர்கள் கோயிலில் என்று அவர்கள் கேட்டபோதுகூட அப்பா மறுக்கவில்லை. “வழியத் தொறந்தவரு வாசல எங்க வச்சா என்ன?” என்று சொல்லிவிட்டார். நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஆறு வாரமும் நான் தரையில் நடக்கவில்லை. லேபில் மெஷின் பழுதாகவே இல்லை. அவனைப் பார்க்க அது தேவைப்படவும் இல்லை.

கமிட்டியில்தான் முணுமுணுப்பு வந்தது. மகளை ஆர்சிக்குக் கொடுக்கிறவர் எப்படிக் கமிட்டியில் இருக்கலாம் என்று ஒருவர் கேட்டாராம். அப்பா அசரவில்லை. ஆறாம் வாரம் புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னார்.

“வாற ஞாயித்துக்கெழம நான் சாட்சி சொல்லப் போறேன். எனக்க இஷ்டம் இல்லாம இருந்திச்சு, கர்த்தர் சீட்டில பேசினாரு, நான் கீழ்ப்படிஞ்சேன். சபை முன்னால சொல்லிட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்.”

ஆராதனையில் சாட்சி சொல்வது என்றால் விளையாட்டல்ல. ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று மைக் முன்னால் நின்று சொல்வது அது. சத்தியம் செய்வதற்குச் சமம். பொய் பேசாதவர் என்று பெயரெடுத்த மனிதர் நூறு குடும்பங்கள் முன்னால் ஒரு பொய்யைச் சொல்லப் போகிறார். அது பொய் என்று அவருக்கே தெரியாது. வியாழக்கிழமை ஒரு தாளில் குறிப்பு எழுதத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அதைத் திருத்தினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க என்னிடமே நீட்டினார்.

சனிக்கிழமை ஆற்றுப் பாலத்துப் பக்கத்தில் வைத்து அவனிடம் சொன்னேன். முதலில் வெடித்துச் சிரித்தான். “ரெண்டிலயுமா? எட்டி, நீ ஆளு கொள்ளாமே, பெரிய கெட்டிக்காரிதான்!” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முகம் மாறியது.

“நான் வீட்டில என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? அவிய வீட்டில சீட்டுப் போட்டு, எனக்க பேருக்கு வந்திச்சுன்னு. எங்க அம்மா அதக் கேட்டு மாதா முன்னால முழங்காலில நின்னு அழுதா. ஆர்சிப் பயல் வேண்டாம்னு சொல்லாத கடவுள்னு. நீ எங்க அம்மையையும் சேத்துல்லா ஏமாத்திப் போட்ட?”

“இப்ப என்ன செய்ய?”

“அப்பாட்ட சொல்லு.”

“கல்யாணம் நின்னு போகும்.”

அவன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். “போகும்” என்றான். “இருந்தாலும் சொல்லு.” தன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை போலும், பையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடந்தான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவனை விடவே கூடாது என்றும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா குளித்து, வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, கட்டன் சாயாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். முகம் பளபளவென்று இருந்தது. நான் எதிரில் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“அப்பா, ரெண்டு சீட்டிலயும் நான் ‘சித்தம்’னு எழுதினேன்.”

அவர் நிமிர்ந்தார். “என்னது?”

“நீங்க எத எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.”

“ரெண்டிலயுமா?”

“ரெண்டிலயும்.”

குறிப்புத் தாளை மேசைமேல் வைத்தார். கை நடுங்கியது, சீட்டுப் பிரிக்கும்போது நடுங்குமே, அதே நடுக்கம். பிறகு எழுந்தார். “கர்த்தருக்க முன்னால கள்ளத்தனமா? எனக்க வீட்டிலயா? அந்த வள்ளக்கார மனுசன்ட்ட போய் நான் என்ன சொல்லுவேன்? ஆறு வாரமாட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கேன்! கல்யாணம் கெடையாது. சித்தம் தெரியாம இந்த வீட்டில ஒண்ணும் நடக்காது.” “எதுக்கு மக்களே இப்பிடிச் செய்த?” என்று, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த ‘மக்களே’யோடு கேட்டபோது மட்டும் குரல் தணிந்தது.

“இல்லன்னு வந்திருமோன்னு பயம்.”

“வந்தா அது அவருக்க சித்தம்லா? கர்த்தர்ட்டயா பயம்?”

“கர்த்தர்ட்ட இல்லப்பா. உங்ககிட்டதான். அன்னைக்கு நான் வந்து சொன்னப்ப ஆர்சியான்னு கேட்டியளே, உனக்கு இஷ்டமான்னு கேட்டியளா? படிப்புக்குக் கேட்டியளா? ஒரு தடவ? சீட்டுட்டத்தான எல்லாம் கேட்டிய?”

நான் அழுதுகொண்டே கத்திவிட்டேன். அப்போது அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அடுப்பில போடுததுக்கு முன்ன பிரிச்சுப் பாத்தேன்.”

அப்பாவுக்கு மகள் செய்ததைவிட இதுதான் நம்ப முடியவில்லை போலிருந்தது. “விழாத சீட்டப் பிரிச்சியா?”

“கெட்டி வந்த நாள்லேருந்து பிரிச்சுப் பாத்துத்தான் போடுதேன். எழுதின கை தப்பா மாத்தி எழுதிப் போட்டுதுன்னா?” அம்மா என்னைப் பார்த்தாள். “இவ வாயத் தொறந்து சொல்லணும்னுதான் ஆறு வாரமாட்டு ஜெபிச்சேன். இன்னைக்குப் பத்து மணி வரைக்கும் சொல்லல்லன்னா நானே சொல்லியிருப்பேன்.” பிறகு அப்பா பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். “இதுக்கு முன்னயும் ஒரு தடவ ரெண்டும் ஒண்ணாட்டு இருந்திச்சு. உங்க அண்ணன் கல்ஃபுக்கு விசா அனுப்பினாரே, அப்ப. இவளுக்கு மூணு வயசு. எழுதினது நீங்க. ரெண்டிலயும் சித்தமில்லன்னு இருந்திச்சு.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்ஃபுக்குப் போகாதே என்று கர்த்தர் தடுத்த கதையை நான் எத்தனை முறை அவர் வாயால் கேட்டிருக்கிறேன்! அம்மா அவருடைய காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். “நீங்க போகாம இருந்தது எனக்கும் சந்தோசம்தான். அதான் ஒண்ணும் சொல்லல்ல” என்றாள்.

முதல் மணி அடித்தது. அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் புறப்பட்டார். குறிப்புத் தாள் மேசைமேலேயே கிடந்தது.

அம்மாவும் நானும் பின்னால் நடந்தோம். சொல்லாமல் இருக்கக் கூடாது, சொல்லத்தான் வேண்டும்: இத்தனைக்கும் நடுவே எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஓடலாம் போலிருந்தது. ஆறு வாரமாக நான் ஆண்டவரிடம் எதையுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதிலை நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே, பிறகு கேட்க என்ன இருக்கிறது? ஜெபத்தில் உட்கார்ந்தால் வாய் அசையும், உள்ளே யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கதவு இப்போது திறந்து கிடந்தது. நடந்துகொண்டே பேசினேன். ஆண்டவரே, எனக்கு அவன் வேண்டும். ரொம்ப வேண்டும். வேண்டாம் என்று நீர் சொன்னால் அழுவேன், சண்டை போடுவேன், ஆனால் கேட்பேன். இனி உமக்குப் பதில் எழுதித் தரமாட்டேன். அம்மா கேட்டிருக்க வேண்டும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலில் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பின்தலைதான் தெரிந்தது. பாட்டு முடிந்தது. வேதபாடம் முடிந்தது. போதகர் சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்றார். அப்பா போகமாட்டார் என்று எனக்கு உறுதி. எந்த முகத்தோடு போவார்? எங்களுக்கு அடுத்த வரிசையில் ஓர் அம்மா எழுந்து மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் யாரும் எழவில்லை. போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார்.

அப்பா எழுந்து நடந்தார்.

அம்மாவின் விரல்கள் என் கையில் இறுகின. மைக் முன்னால் போய் நின்ற அப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். தாள் இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்திருக்கும். தொண்டையைச் செருமினார். பிறகு சபையைப் பார்க்காமல் பெண்கள் பக்கமாகத் திரும்பினார். கண்ணாலேயே தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

“மக்களே” என்றார் மைக்கிலேயே. “அந்தப் பையனக் கெட்ட உனக்குச் சம்மதமா?”

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. போதகர் பாட்டுப் புத்தகத்தை மூட மறந்து நின்றார். கல்யாணத்தன்று குருவானவர் கேட்க வேண்டிய கேள்வியை, நிச்சயம்கூட ஆகாத பெண்ணிடம், ஞாயிறு ஆராதனையின் நடுவில், என் அப்பா கேட்டார். எனக்கு முகமெல்லாம் தீப்பற்றியது. எழுந்தேனா, அம்மா தள்ளிவிட்டாளா தெரியாது, நின்றுகொண்டிருந்தேன்.

“சம்மதம்ப்பா!” நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்பா தலையாட்டினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எனக்க மக கல்யாணத்துக்குச் சீட்டில வந்திச்சுன்னு உங்கள்ல சிலபேர்ட்ட சொல்லியிருக்கேன். அப்பிடி ஒண்ணும் வரல்ல. சீட்டில தப்பு நடந்துபோச்சு, அது எங்க வீட்டுக் காரியம். அவளுக்குச் சம்மதம். அந்த வீட்டுக்கு ரெண்டு தடவ போய்ப் பாத்தேன், எனக்கும் சம்மதம். இது கர்த்தருக்க சித்தமான்னு கேட்டா, ஜெபிக்கேன், நீங்களும் ஜெபியுங்க. நாளைக்கு இதில ஒரு குத்தம் குறை வந்தா, அவரு சொன்னாரு அதனால செய்தேன்னு சொல்லமாட்டேன். சம்மதிச்சது நானாக்கும்.”